இரண்டு மணி அடித்தால்

பயப்படுவதற்கென்றே ஒரு உத்தியோகம் இருந்தால் அதை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். கொடுத்தும் விட்டார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினாலும் முதலில் அது அவள் காதில்தான் வந்து விழும். கேஸை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற பெண்ணை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார். அவரும் அங்கேதான், மெக்கானிக்காக, முப்பது வருஷமாக.

வீட்டில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்வது குறைவு. சண்டை ஒன்றும் கிடையாது. அவர் பேசாத மனிதர், இவள் பேசினால் என்ன ஆகுமோ என்று நினைக்கிறவள், அவ்வளவுதான். உப்பு கம்மி என்று ஒரு தடவை சொல்வார். இவள் காதில் விழவில்லை என்றால் உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்து எழுந்து போய்விடுவார். சொன்னதை இரண்டாம் தடவை சொல்வது அவர் ஜாதகத்திலேயே இல்லை. ஆபீஸிலும் இருவருக்கும் நடுவே வார்த்தை கிடையாது, மணிச் சத்தம்தான்.

அது எப்படியென்றால், அவள் மேஜையில் இரண்டு போன்கள் இருந்தன. கறுப்புப் போன் பொதுஜனங்களுக்கு: லிஃப்ட் நின்றுவிட்டது, கதவு சாத்த மாட்டேன் என்கிறது, உள்ளே என்னமோ நாற்றம் அடிக்கிறது. சிவப்புப் போன் குழிக்கு மட்டும். லிஃப்ட் ஓடுகிற கூண்டின் அடியில், கடைசித் தளத்துக்கும் கீழே, ஒரு குழி இருக்கும். ஸ்பிரிங்கும் கேபிளும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த அந்தக் குழிக்குள் இறங்கித்தான் சில வேலைகளைச் செய்ய முடியும். மொபைல் சிக்னல் எட்டாத ஆழம் என்பதால் குழியின் சுவரிலேயே ஒரு பேச்சுப் பெட்டி மாட்டியிருப்பார்கள். பட்டனை அமுக்கினால் அது ஒரே ஒரு எண்ணைத்தான் கூப்பிடும், அந்த எண் இந்தச் சிவப்புப் போன். இங்கிருந்து திருப்பி அதைக் கூப்பிட வழி கிடையாது.

கை முழுக்க கிரீஸோடு நிற்கிறவர்களுக்குக் குசலம் விசாரிக்க நேரம் ஏது? அதனால் அந்தக் கம்பெனி மெக்கானிக்குகள் தங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு மணி அடித்து நின்றால் 'இறங்குகிறேன்'. இரண்டு மணி அடித்து நின்றால் 'ஏறிவிட்டேன்'. இரண்டைத் தாண்டியும் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும், ஏதோ பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஊர் முழுக்க ஒரே ஒருவர்தான் குழியில் இருக்கலாம். இரண்டு மணி கேட்டதும் ஆபரேட்டர் நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்குப் போன் போட்டு "சுவிட்ச் போடலாம்" என்று சொல்வாள். அவள் சொல்லாமல் அவர் மெயின் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. மெக்கானிக்கே நேரில் வந்து நின்று சொன்னாலும் கூடாது.

அன்றைக்குக் குழியில் இறங்க வேண்டிய முறை அவளுடைய மாமனாருடையது.

அன்றைக்கென்று பார்த்து ஆபீஸ் போன்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்ததிலிருந்து, கறுப்புப் போனில் அடிக்க வேண்டிய அழைப்புகள் மேனேஜரின் பூட்டிய அறையில் அடித்தன, ஸ்டோர் ரூமில் அடித்தன, அவள் மேஜையைத் தவிர எல்லா இடத்திலும் அடித்தன. மேனேஜர் வெளியூர் போயிருந்தார். மெக்கானிக்குகள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். காலையிலிருந்து அவள் அறைக்கு அறை ஓடிக்கொண்டிருந்தாள், போய்ச் சேர்வதற்குள் மணி நின்றுவிடும். பத்து மணி சுமாருக்குப் போன்காரர் வந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போன்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற ரகம். அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த இன்டர்காம் பெட்டியின் மூடியைக் கழற்றினார். வெளியிலிருந்து வருகிற மூன்று லைன்களும் அதற்குள் போய்த்தான் அந்தந்த அறைக்குப் பிரியும். உள்ளே ஒட்டடையும், செத்த பல்லி ஒன்றும், வரிசையாகச் சின்னச் சின்னப் பச்சை விளக்குகளும் இருந்தன.

"ஞாபக சக்தி போயிடுச்சு மேடம்" என்றார்.

"யாருக்கு?"

"பெட்டிக்குத்தான். இந்தா பாருங்க, உள்ள இருக்கிற பேட்டரி உப்புப் பூத்துக் கிடக்கு. கரண்ட் போனதும் நாம சொல்லிக் கொடுத்தது எல்லாம் மறந்து, கம்பெனியிலேருந்து வந்த நாள்ல இருந்த புத்திக்குப் போயிடுச்சு. எந்த லைன் எங்க அடிக்கணும்னு திரும்பவும் முதல்லேருந்து சொல்லித் தரணும்."

மடிப்புகளில் கிழிந்துபோன ஒரு ஜெராக்ஸ் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, கறுப்புப் போனில் ஸ்டாரும் எண்ணுமாக அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் தன் மொபைலிலிருந்து ஆபீஸுக்கு அடித்துப் பார்த்தார். முதல் லைன் கறுப்புப் போனுக்கு வந்தது. இரண்டாவதும் வந்தது.

"மூணாவது லைன்?"

"ஐயோ, அதைத் தொடாதீங்க!" என்று அவள் சிவப்புப் போனின் மேல் கையை வைத்து மறைத்தாள். "அது குழி லைன். அது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு. இப்பதான் பத்து அம்பதுக்கு ஒரு மணி அடிச்சுது, நானே கேட்டேன். எங்க மாமா கீழ இருக்காரு. நல்லா இருக்கிறதைக் கிண்டிக் கெடுத்துடாதீங்க."

"நீங்க சொன்னா சரி மேடம். எனக்கும் ஒரு வேலை மிச்சம்" என்று அவர் புதுப் பேட்டரியைப் பைக்குள் தேட ஆரம்பித்தார்.

குழியில் ஆள் இருக்கும்போது அவளுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அன்றைக்குக் கூடவே ஒரு கவலை. குழிக்குள் சிவப்பாக ஒரு சுவிட்ச் உண்டு, அதை அமுக்கி வைத்துவிட்டால் யார் மேலே என்ன செய்தாலும் லிஃப்ட் நகராது. அந்தக் கட்டடத்தில் அந்தச் சுவிட்ச்தான் கெட்டுப்போயிருந்தது, அதை மாற்றத்தான் மாமா போயிருந்தார். அது கைவசம் இல்லாத நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் ரூமில் இருக்கிற மெயின் சுவிட்ச் ஒன்றுதான் காவல். லிஃப்டோ கிழட்டு லிஃப்ட். கரண்ட் கொடுத்ததும் யாரும் கூப்பிடாமலே தானாக அடிமட்டம் வரை இறங்கி, நின்று, பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

பதினொன்று இருபதுக்குச் சிவப்புப் போன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். நோட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் டிக் அடித்தாள். உடனே வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"மெக்கானிக் ஏறியாச்சு. சுவிட்ச் போட்டுடலாம்."

"போடுறேம்மா" என்று அவர் இருமினார். "ஏழு மாடி ஏறணுமே. நெஞ்சு சளி வேற. இங்க கூரியர்காரர் நிக்கிறாரு, கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு மெதுவா ஏறிப் போடுறேன்."

"அவசரமில்ல, மெதுவாவே போங்க" என்றாள். அந்த 'மெதுவா' என்கிற வார்த்தைக்காக அவள் பின்னால் எத்தனை தடவை கடவுளுக்கு நன்றி சொன்னாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஐந்தாறு நிமிஷம் போயிருக்கும். சிவப்புப் போன் மறுபடி அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

அவள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மேடம்?"

"திரும்பவும் ரெண்டு மணி. ஏறிட்டேன்னு அர்த்தம். ஆனா முன்னாடியே ஏறிட்டாரே?"

"ஏறினவர் இன்னும் ஏறிட்டாரா? அப்ப இந்நேரம் மொட்டைமாடியில நிப்பாரு" என்று போன்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவளும் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். ஒரு மணி அடிக்காமல், அதாவது இறங்காமல், எப்படி இரண்டாம் தடவை ஏறுவார்? முதலில் அடித்தது போய்ச் சேரவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அடித்தாரோ? வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் என்று விட்டிருப்பாள். மாமா சொன்னதையே சொல்கிற ஆள் இல்லையே என்று தோன்றியது. அவர் மொபைலுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். ஏறியிருந்தால் எல்லைக்குள் வந்திருக்க வேண்டாமா? பையிலேயே போனை அணைத்து வைத்திருப்பார், அவருக்கு அது வழக்கம்தான், என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயந்தாங்கொள்ளிகளுக்கு இது ஒரு கஷ்டம். நூறு தடவை வீணாகப் பயந்திருப்பதால் நூற்றி ஒன்றாவது தடவை அவர்களே தங்களை நம்புவதில்லை.

பதினொன்று முப்பத்தொன்றுக்குச் சிவப்புப் போன் மூன்றாம் தடவையாக அடித்தது. இந்தத் தடவை அவள் விதியாவது பழக்கமாவது என்று பாய்ந்தாள். இரண்டாவது மணி அடங்குகிற நேரத்தில் ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். ஙொய் என்று வெறும் டயல் டோன்.

"வெச்சுட்டாரு" என்றாள்.

போன்காரர் திறந்து கிடந்த பெட்டிக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மேடம், வெக்கலையே. மூணாவது லைன் இன்னும் அடிச்சுக்கிட்டுல்ல இருக்கு?"

அவள் எழுந்து பார்த்தாள். வரிசையில் மூன்றாவது பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் கையில் ரிசீவர், அது ஊமை. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரேயடியாக அணைந்துபோனது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று போன்காரர் தன் மொபைலில் மூன்றாவது லைனின் எண்ணை அடித்து, சத்தத்தைப் பெரிதாக்கி மேஜையில் வைத்தார். சிவப்புப் போன் ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணி அடித்தது. நின்றது. மேஜையில் கிடந்த மொபைலுக்குள் மட்டும் மணி நிற்கவில்லை. ட்ரூ, ட்ரூ என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. சிவப்புப் போன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு மணி இங்க அடிக்குது. யாரும் எடுக்கலன்னா அடுத்த எக்ஸ்டென்ஷனுக்குத் தாவிடுது" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "பெட்டியோட பழைய புத்தி அது. மத்த ரெண்டு லைனுக்கும் புதுசா சொல்லிக் கொடுத்தப்ப இந்தத் தாவல் தானா அழிஞ்சுடுச்சு, அதனால நான் கவனிக்கல. அடுத்தது பன்னெண்டு. பன்னெண்டாம் நம்பர் எங்க இருக்கு?"

பன்னிரண்டாம் நம்பர் மேனேஜரின் பூட்டிய அறையில், அவர் மேஜைப் போன்கூட இல்லை, அலமாரிக்குப் பின்னால் போனே இல்லாத ஒரு வெறும் சாக்கெட்.

"கட் பண்ணுங்க!" என்று அவள் கத்தினாள். "அவர் கூப்பிட்டா எங்கேஜ்டா இருக்கும், கட் பண்ணுங்க!"

அவர் பதறிப்போய் அணைத்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி விளங்கியது. மாமா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். மூன்று தடவையும் அவர் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாராவது எடுங்களேன் என்று அவர் குழியில் கிடந்து காத்திருந்த நேரத்தில், இங்கே இவள் அப்பாடா என்று மூச்சு விட்டு, டிக் அடித்து, சுவிட்சைப் போடச் சொல்லியிருக்கிறாள். அவரைக் கொல்லச் சொல்லித் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். மூன்றாவது லைனைத் தொடாதீங்க என்று போன்காரரைத் தடுத்ததும் இதே வாய்தான்.

கை கால் ஓடவில்லை என்பார்களே, அன்றைக்கு அவளுக்குக் கை ஓடியது, மூளைதான் ஓடவில்லை. விரல்கள் தாமாகவே கறுப்புப் போனில் வாட்ச்மேன் எண்ணை அழுத்தின. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கேட் அருகே உள்ள கூண்டில், காலி நாற்காலிக்குப் பக்கத்தில், அது அடிப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கூரியர்காரரை அனுப்பிவிட்டார். படியேறிக்கொண்டிருக்கிறார்.

"எடுக்கல. எடுக்க மாட்டேங்கிறாரு."

"அந்தாளுக்கு மொபைல்?"

"கிடையாது."

"பெட்டியை நான் இப்பவே சரி பண்ணட்டுமா?"

"அதுக்குள்ள அவர் கூப்பிட்டா?"

"பண்ணும்போது லைன் செத்துடும்" என்று அவர் ஒத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொடல. முதல் மணியிலேயே எடுத்துடுங்க, தாவாது. நான் தீயணைப்புக்குச் சொல்றேன்." மொபைலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், கட்டடத்தின் விலாசத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவள் புகார் நோட்டைப் புரட்டினாள். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற யாராவது, எந்த எண்ணாவது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்போது கறுப்புப் போன் அடித்தது.

"ஹலோ, லிஃப்ட் ஆபீஸா? ஏம்மா, எத்தனை நேரமா லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்கீங்க? முட்டி வலிக்காரிம்மா நான், உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு..."

அதே கட்டடத்து நாலாம் மாடி அம்மாள். தினம் நாலு தடவை கூப்பிடுவார், ஆபீஸில் அவர் குரலைக் கேட்டாலே போனை ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிடுவார்கள். அவளுக்கு அந்தக் குரல் காதில் தேனாகப் பாய்ந்தது.

"அம்மா, அம்மா, கேளுங்க! வாட்ச்மேன் படியேறி வந்தாரா?"

"ஆமா, இப்பதான் இருமிக்கிட்டே எங்க வாசலைத் தாண்டி மேல போனாரு. அதை ஏன் கேக்கிறே?"

"அவரைச் சுவிட்ச் போட விடாதீங்கம்மா! குழிக்குள்ள ஆள் இருக்கு. எங்க மாமனார். லிஃப்ட் ஓடினா செத்துடுவாரு. ஓடிப் போய்க் கத்துங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்!"

மறுமுனையில் ஒரு கேள்வியும் வரவில்லை. ரிசீவர் டொக்கென்று எதன்மேலோ விழுந்தது. கதவு திறந்தது. செருப்பில்லாத பாதங்கள் தடதடவென்று போயின. "ஏய் வாட்ச்மேன்! வாட்ச்மேன்! போடாதே!" என்று ஒரு குரல் படிக்கட்டு முழுக்க மோதி மோதி மேலே போய், தேய்ந்து, கேட்காமல் போனது.

அந்த நேரத்தில் சிவப்புப் போன் அடித்தது. ஒரு மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். இடது காதில் கறுப்பு, வலது காதில் சிவப்பு.

"மாமா!"

"யாரு? நீதானா?" மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "நீதானே பேசுறே?"

"நான்தான் மாமா. என்ன ஆச்சு?"

"ஏணிக்கம்பி கழண்டுடுச்சு. விழுந்துட்டேன். கால் ஸ்பிரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. எடுக்க வரல. ஒடிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"மாமா..." சொல்லாமல் இருக்க முடியாது. அவர் தெரிந்துகொண்டால்தான் ஏதாவது செய்துகொள்ள முடியும். "மாமா, நான் சுவிட்ச் போடச் சொல்லிட்டேன். ரெண்டு மணிதான் கேட்டுச்சு. ஏறிட்டீங்கன்னு நெனச்சுட்டேன். வாட்ச்மேன் மேல போயிட்டாரு."

குழியில் எங்கோ நீர் சொட்டியது.

"எப்ப சொன்னே?"

"பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஆச்சு."

"சரி." முனகிக்கொண்டே புரள்கிற சத்தம் கேட்டது. "படுக்க முடியுதான்னு பாக்கிறேன். கால் விட மாட்டேங்குது. நீ வெச்சுடாதே. லைன்லயே இரு."

"நாலாம் மாடி அம்மா ஓடியிருக்காங்க மாமா. நிறுத்திடுவாங்க. கண்டிப்பா நிறுத்திடுவாங்க."

"அந்த முட்டி வலியா?" என்றார் அவர். அந்த நிலையிலும் அந்த மனிதர் சிரித்தாரா இருமினாரா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு வலது காதில் ஒரு சத்தம் வந்தது. மேலே, வெகு உயரத்தில், டக் என்று ஒன்று. அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ரீங்காரம், கம்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் விறைத்துக்கொள்கிற ஒரு முறுக்கல்.

"கரண்ட் வந்துடுச்சு" என்றார் மாமா. "இறங்குதும்மா."

அவள் கறுப்புப் போனுக்குள் கத்தினாள். நாலாம் மாடியின் காலி அறைக்குள், மேஜையில் கிடக்கிற ரிசீவருக்குள், நிறுத்துங்க நிறுத்துங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். அங்கே யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். போன்காரர் ஜன்னலோரத்திலிருந்து ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காதில் ரீங்காரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமாவின் மூச்சு அதற்குள் மூழ்கிப்போய்விட்டது. கண்ணை இறுக்கி மூடினாள். மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது, அதனால் திறந்துவிட்டாள்.

தடால் என்று ஒரு சத்தம். அப்புறம் எதுவுமே இல்லை.

"மாமா?"

பதில் இல்லை.

"மாமா, மாமா!"

சொட்டுகிற நீர்கூடக் கேட்கவில்லை. போன்காரர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவனிடம் எந்த வாயால் சொல்வது என்பது மட்டும்தான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"நின்னுடுச்சு" என்றது வலது காது. "தலைக்கு மேல ஒரு முழம் இருக்கு. கையை நீட்டினா தொடலாம். தொடல."

இடது காதில் இப்போதுதான் பாதங்கள் திரும்பி வந்தன. யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற சத்தம். "போட்டுட்டாம்மா அந்தாளு. போட்டுட்டான். நான் போய் அவன் கையோட சேர்த்துப் புடிச்சு இழுத்து அணைச்சுட்டேன். ஏம்மா, உசுரோட இருக்காரா?"

"இருக்காரும்மா" என்றாள் அவள். "இருக்காரு. யாரையும் சுவிட்ச் கிட்டப் போக விடாதீங்க. தீயணைப்பு வண்டி வந்துக்கிட்டிருக்கு."

"எவன் வரான்னு நானும் பாக்கிறேன். அங்கயே போய் உக்காந்துக்கிறேன்" என்று அந்த அம்மாள் மறுபடியும் போனார். இந்தத் தடவை பாதங்கள் மெதுவாகத்தான் போயின.

கறுப்புப் போனை வைத்தாள். சிவப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போன்காரர் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அதை எடுக்க அவளுக்குக் கை இல்லை.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. போன் பெட்டி கெட்டுப்போயிருக்கு. நீங்க அடிச்சதுல ரெண்டு மணிதான் எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டேன். மூணு தடவையும் சும்மா உக்காந்திருந்தேன்."

"பெட்டியா?" என்றார் அவர். "பெட்டிதானா கெட்டுப்போச்சு?"

"ஆமா மாமா."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கா? எனக்கு என்ன?"

பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார்.

"மொதல்ல எடுக்கலன்னதும், நீ எங்கயோ எந்திரிச்சுப் போயிருக்கேன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவையும் எடுக்கல. மூணாந்தடவை அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு... நீ போன் அடிச்சா எடுக்காம இருக்கிற ஆளா? தனியா வேற இருக்கே. மயக்கம் போட்டு விழுந்துட்டியோ, ஆபீஸுக்கே ஏதாவது ஆயிடுச்சோன்னு ஆயிடுச்சு எனக்கு. பயந்துட்டேம்மா. உன்னை யாராவது போய்ப் பாக்கணுமே, யாருக்குச் சொல்றதுன்னு அந்தப் பட்டனையே அமுக்கிக்கிட்டு இருந்தேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"அழாதே" என்றார் மாமா. "இப்பத்தாம்மா கால் வலிக்கவே ஆரம்பிக்குது."